முனி வளைவில் இறங்கியவர்

மலைப் பாதையில் சைக்கிள் தள்ளுகிறவரைக் கண்டால் கிளன்மோய் தோட்டத்தில் சிரிப்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் மேற்பிரிவு லயங்களில், அந்த வரிசை வீடுகளில், சைக்கிள் வைத்திருந்தவர் மாயாண்டி ஒருவர்தான். ஆகவே அந்தச் சிரிப்பு முழுவதும் அவருக்கே கிடைத்தது.

"மாயாண்டியண்ணே, நீங்க சைக்கிள ஓட்டுறீங்களா, சைக்கிள் ஒங்கள ஓட்டுதா?"

"ஏத்தத்துல நான் அதைய தூக்கிட்டுப் போறேன். எறக்கத்துல அது என்னைய தூக்கிட்டு வருது. எங்களுக்குள்ள சண்ட இல்ல. ஒனக்கு என்னாப்பா?"

அவர் சொன்னது சரிதான். லயத்திலிருந்து மேட்டு முனை வரை இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். தள்ள வேண்டும். அங்கிருந்து டிக்கோயாவுக்கு ஐந்து கிலோமீட்டர் இறக்கம். ஏறி உட்கார்ந்தால் போதும். திரும்பும்போது ஐந்து கிலோமீட்டர் தள்ளி, இரண்டு கிலோமீட்டர் உட்கார்ந்து வர வேண்டும்.

அவருடைய ஒரே மகள் பிரியந்தி இதைப் பிற்பாடு நிமிடக் கணக்கில் எழுதிவைத்தாள். கொழும்பில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பதிவேடு உண்டு. என்ன பழுது, எத்தனை மணிக்கு, என்ன காரணம், என்ன செய்யப்பட்டது, கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது, ஊகித்தும் எழுதக்கூடாது. தெரியாவிட்டால் தெரியும்வரை இயந்திரத்தை மறுபடி ஓடவிடக்கூடாது. தொழில்நுட்பக் கல்லூரியில் அவளுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அப்பாவின் கட்டத்தில் பிழையான காரணத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

மாயாண்டி முப்பத்து நான்கு வருடம் ஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். கொழுந்தைச் சுருட்டும் ரோலர் இயந்திரங்களின் பக்கத்தில் அவ்வளவு காலமும் நின்றதில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். பின்னால் நின்று கூப்பிட்டால் கேட்காது. படித்தது ஐந்தாம் வகுப்பு. மகள் லிஃப்ட் வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தபோது லயமே வாயில் கைவைத்தது.

"பொம்பளப் புள்ள, கிரீசும் எண்ணெயும் பூசிக்கிட்டுத் திரியுமா?" என்று கேட்டவரிடம் அவர் சொன்னார்: "நான் முப்பத்தி நாலு வருசம் பூசினேன். ஒட்டிக்கவா செஞ்சுது?"

சைக்கிள், ஸ்டோர் அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போனது. கறுப்பு, கனமானது, கியர் கிடையாது. பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் இருந்தது. எங்கே இறங்கினாலும் மாயாண்டி சைக்கிளைத் தூக்கி அந்த ஸ்டாண்டில் நிறுத்துவார். மரத்திலோ சுவரிலோ சாய்த்துவைக்க மாட்டார். ஒரு நிமிட வேலையாக இருந்தாலும் அப்படித்தான். சைக்கிளைச் சாய்த்து வைக்கிறவன் சாராயக் கடைக்குப் போகிறவன் என்பது அவர் கட்சி.

ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சைக்கிளுக்கு ஒரு வேலை வந்தது. 2022இல் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பஸ் இல்லை. மேற்பிரிவில் பதினொரு பேர் பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிளினிக். ஏழு கிலோமீட்டர் நடந்து போய்த் திரும்பக்கூடிய கால் அவர்களில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. மாயாண்டி மருந்து விவரம் எழுதிய பதினொரு கிளினிக் கொப்பிகளையும் ஒரு பச்சைத் துணிப்பையில் போட்டு, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, ஆள் வராமல் மாத்திரை கொடுக்க ஏலாது என்றாள்.

"ஆள் வரும்மா. ஆனா வந்து சேர்ற நேரம் ஆளுக்கு மாத்திர தேவைப்படாது" என்றார் மாயாண்டி. அவள் சிரித்துவிட்டு டொக்டரிடம் கேட்டு வந்தாள்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. கிளினிக்குக்குப் போனால் கொழுந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். இவருக்குப் போக ஒன்றுமில்லை. தவிர, சைக்கிளைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது செவ்வாய் பின்னேரம் லயத்து வாசலில் அதன் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். அதை அவர் வெளியே சொன்னதில்லை. ஆனால் லயத்தை நெருங்கும்போது தேவைக்கு அதிகமாகவே மணி அடிப்பார்.

2024 ஜூலையில் அந்தப் பாதையில் முதல் அடி விழுந்தது. அடிபட்டவர் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் உமாசுதன். யாழ்ப்பாணத்துக்காரர். டிக்கோயாவில் அறை எடுத்துத் தங்கி, கியர் சைக்கிளில் வந்து போனவர். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது மேட்டு முனை ஏற்றத்தில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து கட்டையால் தோளில் அடித்து, போனையும் பையையும் பறித்துக்கொண்டு போனார்கள்.

பிரியந்தி அதைக் கேள்விப்பட்ட அன்றே அப்பாவுக்குப் போன் எடுத்தாள். அடுத்த லீவில் வந்தபோது சைக்கிளுக்குப் பின்பக்கச் சிவப்பு லைட் போட்டாள். காது கேளாத மனிதர் என்பதால் ஹேண்டிலில் கண்ணாடி பூட்டினாள். புதிய பிரேக் கட்டைகள் மாட்டினாள். ஒரு விசில் கொடுத்தாள். ஒரு மாலை முழுவதும் மேட்டு முனையிலிருந்து லயம் வரை நடந்து, எங்கே ஒளிந்து நிற்கலாம், எங்கே நிற்க முடியாது என்று பார்த்தாள்.

தள்ளும் பாதையில் தனியாக வரக்கூடாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது நடந்து போகும் நேரத்தில் கூட வர வேண்டும். அதற்கு அவர் சம்மதித்தார். போனை வெளியே எடுக்கக்கூடாது. சம்மதித்தார். யாராவது மறித்தால் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். அதற்கும் தலையாட்டினார். மேட்டு முனையைத் தாண்டி ஏறி உட்கார்ந்துவிட்டால் லயத்து வாசல் வரை எங்கேயும் நிற்கக்கூடாது.

அதற்கு மட்டும் அவர் சிரித்தார்.

மேட்டு முனைக்கும் லயத்துக்கும் நடுவில் பாதை ஒரு சவுக்கு மரத்தைச் சுற்றி வளைகிறது. மரத்தடியில் முனி. ஒரு கல், மூன்று சூலம், ஒரு விபூதித் தட்டு. அந்த வளைவில் கிளன்மோய் ஆட்கள் யாரும் நிற்காமல் போனதில்லை. நடந்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். கொழுந்து லொறி நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போகும். மாயாண்டி இறங்கி, சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு, செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்து, விபூதி பூசி, கண்ணை மூடி நிற்பார். நான்கு நிமிடம். அவள் பார்த்துக் குறித்திருந்தாள்.

"அந்த எறக்கத்துல ஒங்களப் புடிக்க மோட்டார் சைக்கிளாலயும் ஏலாது. நிக்கிறது அந்த ஒரு எடம்தான். அங்க எறங்காதீங்க அப்பா."

"முனி வாசல்ல எறங்காம எப்புடி பாப்பா?"

"உக்காந்துக்கிட்டே கும்பிடுங்க. சாமி கோவிச்சுக்காது."

"சாமி கோவிச்சுக்காது. நாந்தான் கோவிச்சுக்குவேன்."

அவளுக்கு அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. லிஃப்டில் கயிறு தளர்ந்தாலும் கதவு திறந்தாலும் கரண்ட் போனாலும் பெட்டி நின்றுவிடும். நிற்பதுதான் அங்கே பாதுகாப்பு. இந்தப் பாதையில் நிற்பதுதான் ஆபத்து. இதை இரண்டு தடவை சொன்னாள். அவர் இரண்டாம் தடவையும் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒங்க லிஃப்டுக்கு முனி இல்லையே" என்றார்.

ஒக்டோபர் மாதக் கிளினிக் செவ்வாய். பிற்பகல் மூன்று நாற்பதுக்கு பிரியந்தி ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தாள். அம்மாவின் தம்பி அழகன் மாமா போனில் வந்தார். அவர் அழுகையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"அத்தான் சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாரு புள்ள. முனி வளைவுல. கொழுந்துப் பொம்பளைங்கதான் பாத்திருக்காங்க. உசுரு இல்ல."

மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"முனி வாசல்ல ரத்தம் கெடக்கு. அப்புடியே வுடக்கூடாதுன்னு பூசாரி சொல்றாரு. மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவணும். அக்காவால பேச ஏலல. ஒரே புள்ள நீதான். ஒன்னைய கேட்டுட்டுச் செய்யிறோம்."

"கழுவிடுங்க மாமா" என்றாள்.

இரண்டு சொல். அதைச் சொல்லும்போது அவள் மனதில் இருந்தது அப்பாவின் இரத்தம் வழியில் போகிறவர்களின் காலில் படக்கூடாது என்பது மட்டும்தான்.

பொலிஸ் ஐந்து மணிக்கு வந்தது. அதற்குள் வளைவைக் கழுவி, சாணம் தெளித்து, கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். விபூதித் தட்டைக் கூடக் கழுவியிருந்தார்கள். சைக்கிளையும் கழுவி லயத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வந்தவர்கள் ஈரத் தரையைப் பார்த்தார்கள், இறக்கத்தைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடிய அவள் வந்து சேர்ந்தாள். பதினொரு மணிக்கு மரண விசாரணை. தலையின் பின்பக்கம் பலத்த அடி, கல்லில் மோதினாலும் அப்படி வரலாம் என்று மருத்துவ அறிக்கை சொன்னது. பிரேக் பிடிக்காமல் விழுந்திருப்பார் என்று மாமா சொன்னார். போன் எங்கே என்று அவள் கேட்டாள். தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானில் எங்காவது விழுந்திருக்கும் என்றார்கள். பை எங்கே என்று கேட்டாள். பொம்பளைங்க எடுத்து வைத்திருப்பாங்க என்றார்கள். சைக்கிள் விபத்து என்று எழுதி அவள் முன்னால் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாம். போட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகுதான் லயத்தின் பின்பக்கம் நின்ற சைக்கிளைப் பார்த்தாள். கைகள் தம் பாட்டில் வேலையைத் தொடங்கின. முன் பிரேக் பிடித்தது. பின் பிரேக் பிடித்தது. கட்டைகள் அவள் மாட்டியவை, பாதி கூடத் தேயவில்லை. ஹேண்டில் நேராக இருந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டாள், ஆடாமல் சுற்றியது. பெயின்டில் புதிய கீறல் ஒன்றும் இல்லை. ஹேண்டிலில் அவள் பூட்டிய கண்ணாடி உடையாமல் அவள் முகத்தைக் காட்டியது.

ஓர் ஆள் சாகும் அளவுக்கு விழுந்த சைக்கிளில் கண்ணாடி தப்பியிருக்கிறது.

அவரை முதலில் கண்டவள் காளியாயி. நாற்பது வருடமாகக் கொழுந்தெடுக்கிறவள். மாயாண்டி பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுத்த பதினொரு பேரில் ஒருத்தி. பிரியந்தி அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சைக்கிள் எப்படிக் கெடந்துச்சு?"

"கெடக்கலையே புள்ள. நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஸ்டாண்டு போட்டு. ஒங்கப்பா எப்பவும் போடுற மாதிரிதான்."

"செருப்பு?"

"கழட்டி வச்சிருந்தாரு. சோடியா. நாந்தான் எடுத்தாந்தேன். நெத்தியில துன்னூறு கூட அப்புடியே இருந்துச்சு." காளியாயி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அப்படியே கை நின்றது. "யாத்தே" என்றாள் மெல்ல.

"பொலிசுல இதச் சொல்லலையா?"

"என்னைய யாரு கேட்டா?"

அன்று அந்த வளைவில் இருபது பேராவது நின்றிருப்பார்கள். பாதிப்பேர் கையில் போன். பிரியந்தி லயம் லயமாகப் போய், யாராவது ஒரு படமாவது பிடித்தீர்களா என்று கேட்டாள். ஒருவரிடம் ஒரே ஒரு படம் இருந்தது. கழுவி முடித்த பிறகு பிடித்தது. ஈரத் தரை, கற்பூரம், முனிக்குப் புது மாலை. "செத்தவரைப் போய்ப் படம் புடிக்கிறதா?" என்று அவர் அவளையே திருப்பிக் கேட்டார். ஒரு தடயத்தையும் மிச்சம் வைக்காமல் மரியாதை செய்திருந்தார்கள். அவளும் உத்தரவு கொடுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது அழகன் மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டாண்டும் செருப்பும் அவருக்குப் புதிய செய்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்னா... அப்புறம் யோசிச்சுப் பாத்தேன்."

"அப்புறம்னா எப்ப? கையெழுத்துப் போடுறதுக்கு முந்தியா, பிந்தியா?"

மாமா தலையை நிமிர்த்தினார். "முனி வாசல்ல வச்சு ஒரு மனுசன அடிச்சுக் கொன்னாங்கன்னு எழுதச் சொல்றியா? பொம்பளைங்க விடியக்காலைல முனிய நம்பித்தானே அந்த வளைவத் தாண்டி மலைக்குப் போறாங்க. நாளைக்கு எவ போவா? விழுந்தாருன்னா விதி. அடிச்சாங்கன்னா முனி எங்க போச்சுன்னு கேப்பாங்க."

"நம்பித்தான் எங்கப்பாவும் எறங்கினாங்க."

"நீ கொழும்புக்குப் போயிருவ. நாங்க இங்கதான் கெடக்கணும்" என்றார் மாமா. அதில் பொய் இல்லை. அதனால்தான் அவளுக்கு அவரை மன்னிக்க முடியவில்லை.

பொலிசுக்குப் போனாள். சார்ஜன்ட் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். ஃபைலைத் திறந்து அவள் கையெழுத்தைக் காட்டினார்.

"நங்கி, இது நீங்கதானே சைன் பண்ணினது?" என்றார், தங்கையை அழைக்கும் சிங்களச் சொல்லால்.

"நான்தான். எனக்கு அப்ப தெரியாது."

"எடத்தக் கழுவினது யாரு?"

"எங்க ஆளுங்க. நான்தான் சொன்னேன்."

"அப்ப நான் எதப் பாக்கிறது, சொல்லுங்க." அவர் கடுமையாகப் பேசவில்லை. கடுமையாகப் பேசியிருந்தால் அவளுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். "அந்த ரோட்டுல கொள்ளை என்று ஒரு முறைப்பாடு கூட இல்ல நங்கி. ஒன்று இருந்தால் அதோட சேர்த்துப் பார்க்கலாம்."

"ஜூலையில ஸ்கூல் சேர் ஒருத்தரை அடிச்சாங்களே?"

சார்ஜன்ட் இன்னொரு புத்தகத்தைப் புரட்டினார். உமாசுதனின் பெயர் இருந்தது. போன் காணாமற்போனது என்று எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்து.

பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து அவள் உமாசுதனைப் பார்க்கப் போனாள். அவர் வகுப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். இடது தோளை இன்னும் முழுதாகத் தூக்க முடியவில்லை. பூட்டை வலது கையால் மட்டுமே பூட்டினார்.

"துலைஞ்சு போச்செண்டுதான் எழுதிக் குடுத்தனான், பிள்ளை. அப்பிடி எழுதினால் சிம்மை உடனே எடுக்கலாம் எண்டு சொன்னவை. அடிச்சது எண்டு எழுதினால் கோர்ட், அடையாள அணிவகுப்பு. நான் வெளியூர்க்காரன். தினமும் அந்த ரோட்டாலதான் வாறனான். ஆரெண்டு தெரியாதவங்களோட நான் என்னெண்டு மல்லுக்கட்டுறது?"

"நீங்க எழுதியிருந்தா, செவ்வாய்க்கிழம அந்த ரோட்டுல ஒரு பொலிஸ்காரனாவது நின்னிருப்பான் சேர்."

"நிண்டிருப்பானோ?" என்றார் அவர். ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"இப்ப போய் மாத்தி எழுதிக் குடுங்க. ஒங்கடையும் எங்கப்பாடையும் சேத்துப் பாக்கலாம்னு சொல்றாங்க."

"யோசிச்சுச் சொல்லுறன்."

எட்டாம் நாள் பின்னேரம், முனி வளைவுக்குக் கீழே உள்ள மலையில் காலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கானுக்குள் பச்சைப் பையைக் கண்டார்கள் என்று செய்தி வந்தது. பிரியந்தி ஓடினாள், ஓடிக்கொண்டே யோசித்தாள். பையில் பணம் இருக்கும் என்று நினைத்துப் பறித்தவர்கள் கொப்பிகளையும் மாத்திரைகளையும் பார்த்துவிட்டு எறிந்திருக்கிறார்கள். பையின் வார் கத்தியால் அறுபட்டிருக்கும். கழுத்தில் மாட்டிய பையை எடுக்க வேறு வழியில்லை. விழுந்த மனிதரின் பைவார் தானாக அறாது. அந்த வாரை சார்ஜன்டின் மேசையில் வைத்தால் போதும்.

காளியாயியின் வீட்டு முன்னால் கயிற்றில் பை காய்ந்துகொண்டிருந்தது. சவுக்காரம் மணத்தது. வார் அழகாகத் தைக்கப்பட்டிருந்தது, பச்சை நூலாலேயே.

"ரத்தக் கறையோட, அறுந்துபோயிக் கெடந்துச்சு புள்ள" என்றாள் காளியாயி. "ஒங்கம்மா கையில அப்புடியே குடுக்க மனசு வரல. மாத்திரைங்க கவருக்குள்ள நல்லாத்தான் இருந்துச்சு. அவுங்கவுங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டோம். எனக்குள்ளதையும் எடுத்துக்கிட்டேன். ஒங்கப்பா கடைசியாக் கொண்டாந்தது."

பிரியந்தி தையலைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தாலும் பயன் இல்லை. ஓரங்கள் மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. காளியாயியைத் திட்ட வாயெடுத்தாள். அந்த முகத்தில் தான் செய்ததைப் பற்றிய நிறைவு இருந்தது. கூடவே ஒரு வாரமாக மாத்திரை இல்லாமல் வீங்கிய கண்ணும் இருந்தது. பையை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

கொழும்புக்குப் போவதற்கு முந்தின நாள், லிஃப்ட் வேலைக்கு எடுக்கும் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, சிவப்புப் பெயின்டில் எழுதினாள். மாயாண்டி, வயது அறுபத்தொன்று, இந்த இடத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். திகதி. அதன் கீழே: சைக்கிளில் வருகிறவர்கள் இங்கே இறங்க வேண்டாம்.

அம்மா நாகலெட்சுமி வாசற்படியில் இருந்தாள். எட்டு நாளாக அவள் பேசியது மிகக் குறைவு. எழுத வாசிக்கத் தெரியாது.

"என்னா எழுதியிருக்க? படி."

பிரியந்தி படித்தாள்.

"மேல உள்ளது இருக்கட்டும். கீழ உள்ளத அழி."

"அம்மா, அந்த எடத்துல நின்னதாலதான்..."

"நின்னதாலயா செத்தாரு? அடிச்சதாலதான் செத்தாரு." அம்மா சத்தம் போடவில்லை. "முப்பது வருசமா அங்க நின்னாரு. அது அவரு இஷ்டம். ஒங்க மாமா என்னான்னா முனிக்குக் கெட்ட பேருன்னு பயப்புடுறான். நீ என்னான்னா ஒங்கப்பா மேலயே பழியப் போடுற. அடிச்சவன் பேர ஒருத்தரும் எடுக்கலையே."

பிரியந்தி மண்ணெண்ணெயில் துணியை நனைத்து இரண்டாவது வரியைத் துடைத்தாள். முழுவதும் போகவில்லை. இளஞ்சிவப்பாக ஒரு தடம் நின்றது.

பின்னேரம் தகட்டைச் சவுக்கு மரத்துக்கு எதிர்ப்பக்கம், கானைக் கடக்கும் சிறு பாலத்தின் கட்டில் துளையிட்டு நான்கு ஆணியால் இறுக்கினாள். அழகன் மாமா தூரத்தில் நின்று பார்த்தார். தடுக்க வரவில்லை, உதவிக்கும் வரவில்லை. பதிவேட்டில் இன்னும் சைக்கிள் விபத்துத்தான். அவள் கையெழுத்தும் அங்கேதான் இருக்கிறது.

கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தபோது மேட்டு முனைப் பக்கமிருந்து சைக்கிள் இறங்கி வந்தது. உமாசுதன். மாலை வகுப்புக்குப் போகிறார். வளைவில் பிரேக் பிடித்தார், இறங்கினார், சைக்கிளை நிறுத்தினார். அவர் முனியைக் கும்பிடும் வழக்கமுள்ளவர் அல்ல. தகட்டுக்கு முன்னால் போய் நின்று வாசித்தார். துடைத்த வரியின் தடத்தையும் குனிந்து வாசித்தார். ஒரு நிமிடம் போனது, இன்னொரு நிமிடமும் போனது. பாதையில் வேறு யாரும் இல்லை. அவர் முதுகு முழுவதும் மேட்டு முனைப் பக்கம் திறந்து கிடந்தது.

"இதுக்குக் கீழ இடம் இருக்கு. என்ர பெயரையும் எழுதுங்கோவன், பிள்ளை" என்றார். "ஜூலையில அடிச்சது எண்டு."

"பொலிசுல போய் எழுதுங்க சேர். தகட்டுல வேணாம்."

அவர் இன்னும் தகட்டின் முன்னாலேயே நின்றார். மேலே, மேட்டு முனைக்கு அப்பால், ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. யாருடையதாகவும் இருக்கலாம்.

"நிக்காதீங்க சேர்" என்றாள் பிரியந்தி, சுத்தியலைக் கையில் பிடித்தபடி. "ஏறிப் போங்க."